கிரியாட்டினின் 1.2, ஆனாலும் வீட்டில் நிம்மதி இல்லை: கிட்னி மாற்றிய பிறகு யாரிடம் உதவி கேட்பது?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் கணவருக்கு அவருடைய அம்மா கிட்னி கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவு 1.2-ல் நிற்கிறது, டாக்டருக்கும் திருப்தி. ஆனால் வீட்டில் அவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், பாதி நாள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார், இரவில் தூங்குவதில்லை. மாத்திரை அட்டையில் சில வேளை மாத்திரைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சண்டை வந்தால் உங்கள் அத்தை, "என் கிட்னியை வாங்கிக்கிட்டு என்கிட்டயே மூஞ்சியைக் காட்டுறான்" என்கிறார். இந்த நேரத்தில் இணையத்தில் ஒருவர் தன்னை 'டிரான்ஸ்பிளான்ட் கோச்' என்று சொல்லிக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய தொகை கேட்கிறார். கட்டலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் வீடு ஏன் இப்படி இருக்கிறது, இதில் யார் மேல் தப்பு என்பது அதற்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் கோச் வேண்டுமா என்பது தானே விளங்கிவிடும்.

நான் டாக்டர் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டுச் சென்னையில் மாற்று உறுப்பு ஒருங்கிணைப்பாளராக, மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்கிற மாதிரி 'கோ-ஆர்டினேட்டராக', பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆபரேஷனுக்கு முன் உறுப்பு கொடுக்கிற டோனரிடமும் நோயாளியிடமும் தனித்தனியாகப் பேசுவது, சட்டக் காகிதங்களை முடிப்பது, ஆபரேஷனுக்குப் பிறகு செக்கப்புக்கு வராதவர்களைத் தேடிப் போன் செய்வது, இதுதான் என் பிழைப்பு. அதனால் மருந்து பற்றிக் கீழே நான் சொல்வதெல்லாம் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை.

மனசு சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் மருந்தைப் பார்க்க வேண்டும். இதில் சந்தேகமே இல்லை. பெரும்பாலான கிட்னி மாற்று நோயாளிகளைப் போல உங்கள் கணவரும், புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் மூன்றும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு. அது தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கிளப்பும், சிலருக்கு அளவுக்கு மீறிய உற்சாகத்தையும் சிலருக்கு அழுகையையும் கொண்டுவரும், முகத்தை ஊதவைக்கும். ஆனால் ஏழாம் மாதத்தில் அதன் அளவை நன்றாகக் குறைத்திருப்பார்கள். எனவே பழியை முழுக்க ஸ்டீராய்டின் மேல் போட முடியாது. டாக்ரோலிமஸ் கையை நடுங்கவைக்கும். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் நடுக்கமும் கூடும். இது வெளியாருக்குச் சின்ன விஷயம். நாலு பேர் முன்னால் காபி டம்ளரை ஏந்த முடியாமல் தளும்பவிட்ட ஆம்பளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அறைக்குள் அடைந்துகொள்கிற பலரிடம் மெதுவாகக் கேட்டால் கடைசியில் இந்தக் கை நடுக்கம்தான் வெளியே வரும், அல்லது ஊதிப்போன முகம். இதோடு, மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை வருவது சாதாரணம். சர்க்கரை ஏறி இறங்கினாலும் எரிச்சல் வரும். ரத்தசோகை, தைராய்டு, பிரஷர் மாத்திரைகளில் சில வகை, இவையும் ஆளைச் சோர்வாக்கும். இன்னொன்று, தம்பதிகள் யாரும் எங்களிடம் கேட்பதில்லை, டாக்டரிடமும் கேட்பதில்லை: தாம்பத்தியம். டயாலிசிஸ் காலத்தில் போன ஆசை ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குத் திரும்புகிறது, எல்லோருக்கும் திரும்புவதில்லை. அதை மறைக்கத்தான் சில கணவர்கள் காரணமே இல்லாமல் சண்டை போட்டுத் தனி அறைக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது அவசரமான விஷயம், விட்டுப்போன மாத்திரைகள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அவருடைய கோபமோ அத்தையின் பேச்சோ இல்லை, இதுதான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இந்த மருந்துகளை விட்டுவிட்டுச் சாப்பிட்டால், உடம்பு புதுக் கிட்னியை அந்நியமாகப் பார்த்து அதற்கு எதிரான அணுக்களையும் ஆன்டிபாடிகளையும் உண்டாக்கத் தொடங்கும். அப்போது வலிக்காது, காய்ச்சல் வர வேண்டும் என்றும் இல்லை. கிரியாட்டினின் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்போது சேதம் பாதி நடந்திருக்கும். இன்று 1.2 என்பது போன வாரம் விட்ட மாத்திரைக்குக் கிடைத்த மன்னிப்பு இல்லை.

இதற்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது, குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. டாக்ரோ லெவல், அதாவது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுப்பது காலை மாத்திரைக்கு முன்னால், முந்தைய வேளை போட்டு ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. முந்தின இரவு மாத்திரையை அவர் விட்டிருந்தால் லெவல் குறைவாக வரும். அவர் உண்மையைச் சொல்லாவிட்டால் டாக்டர், "இந்த அளவு இவருக்குப் போதவில்லை" என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுவார். பிறகு இவர் பயந்து ஒழுங்காகப் போடத் தொடங்கினால் லெவல் எகிறும், கை இன்னும் நடுங்கும், கிட்னிக்கும் கெடுதல். ஆகவே மாத்திரை விட்டதைவிட, விட்டதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டில் திட்டு விழும் என்றால் மனிதன் மறைக்கத்தான் செய்வான். "மாத்திரை போட்டாச்சா, இல்லையா?" என்று தினமும் விசாரணை வைத்தால் "போட்டாச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். "இந்த வாரம் எந்த வேளை போடறதுக்குக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி விட்டுப்போவது இயல்பு என்று ஒத்துக்கொண்டே கேட்கிறது. அப்போதுதான் காரணம் வெளியே வரும்.

காரணம் மறதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கை நடுங்குகிறது என்று ஒரு வேளையை வேண்டுமென்றே தாண்டுபவர்கள் உண்டு. பணம் சேமிக்க நாலு நாள் மருந்தை ஆறு நாளுக்கு இழுப்பவர்களும் உண்டு. வீட்டில் கடன் இருப்பது தெரிந்து, மனைவியிடம் சொல்லாமலே செய்வார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்பவர்கள் தனி ரகம். அம்மா எதிரே நின்று விழுங்குவதை மேற்பார்வை பார்க்கிறார் என்ற ஒரே எரிச்சலில் துப்பிவிட்டவரையும் பார்த்திருக்கிறேன், அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். காரணத்துக்கு ஏற்ற மாதிரிதான் வழி. மறதி என்றால் செல்போன் அலாரமும் நாள் வாரியாகப் பிரித்த மாத்திரை டப்பாவும் போதும். ஒரு நாள் மருந்து எப்போதும் வண்டியிலோ பையிலோ இருக்கட்டும். செலவு என்றால் கோ-ஆர்டினேட்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவை சிகிச்சை வருகிறது, அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்துகள் இலவசமாகவும் தரப்படுகின்றன. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று அவர் பார்த்துச் சொல்வார். மருந்துக் கடையில் "இது அதே மருந்துதான், வேற கம்பெனி, விலை கம்மி" என்று மாற்றிக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கம்பெனி மாறினால் லெவல் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை போடுகிற டாக்ரோவும் இரண்டு முறை போடுகிறதும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒரு வேளை விட்டுப்போனால் எத்தனை மணி நேரத்துக்குள் போடலாம் என்ற விதியை உங்கள் யூனிட்டில் இப்போதே கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். நினைவு வந்ததும் இரண்டு வேளையைச் சேர்த்து விழுங்கக் கூடாது.

இனி மனசு. டயாலிசிஸில் இருக்கும்போது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், தண்ணீர் அளந்து குடிப்பது என்று வீடு முழுக்க ஒரே இலக்கை நோக்கி ஓடும். "ஆபரேஷன் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்ற ஒரு வாக்கியத்தின் மேல் எல்லோரும் நிற்பார்கள். ஆபரேஷன் முடிகிறது. முதல் மூன்று மாதம் அடிக்கடி செக்கப், தொற்று பயம், உறவினர் வருகை. அதற்குப் பிறகு போன் குறையும், உறவினர்கள் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது, நோய் வருவதற்கு முந்தைய உடம்பு திரும்பி வரவில்லை, ஒரு நோய்க்குப் பதிலாக ஆயுள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வந்திருக்கிறது என்று. நான் பார்த்தவரை நாலாம் மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான் வீடுகளில் அதிகம் வெடிக்கும். இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செக்கப்புக்கு முந்தின இரவு பலர் தூங்குவதே இல்லை, ரிப்போர்ட் வரும்வரை யாரிடமும் பேச மாட்டார்கள். உங்கள் கணவரின் கோபம் எந்தெந்த நாளில் கூடுகிறது என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். செக்கப் தேதிகளோடு பொருந்தினால் அது ரிஜெக்ஷன் பயம், அதாவது உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் போய்விடுமோ என்ற பயம்.

பயம் வேறு, மன அழுத்த நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை, பிடித்த சாப்பாடும் இறங்கவில்லை, குழந்தைகளைக்கூடப் பார்க்க விருப்பமில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு, இவை இருந்தால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். கோச்சும் உறவினரும் நானும் பார்க்கிற விஷயம் இல்லை. மருந்து தேவைப்பட்டால் பயப்படாதீர்கள். டாக்ரோவோடு மோதாத மன அழுத்த மாத்திரைகள் உண்டு, மோதுகிற சிலவும் உண்டு. அதனால் மனநல மருத்துவர் எழுதும் சீட்டைச் சிறுநீரக மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் அடுத்த ஓ.பி. தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி, அல்லது உடனே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இங்கே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மாற்று உறுப்பு பெற்றவர்களில் மன அழுத்தம் உள்ளவர்களுக்கு இறப்பு விகிதம் கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஆனால் மன அழுத்தத்தால்தான் உடம்பு கெட்டதா, உடம்பு கெட்டதால் மன அழுத்தம் வந்ததா, இரண்டுக்கும் மூன்றாவது ஒரு காரணமா என்பது தெளிவில்லை. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தால் கிட்னி கூடுதல் வருடம் உழைக்கும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். சிகிச்சை எடுத்தால் மனிதன் தூங்குவான், சாப்பிடுவான், குழந்தையோடு விளையாடுவான். அதற்காகவே எடுக்கலாம்.

இப்போது உங்கள் அத்தைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றிப் புகார்தான் அதிகம். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதத் தோன்றுகிறது. ஆபரேஷன் நாள்வரை டோனர்தான் வீட்டின் ராணி. அவருக்குப் பழச்சாறு, அவருக்குத் தனி ரூம், ஊரே "உங்களைப் போல யாருக்கு மனசு வரும்" என்று சொல்லும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எல்லாக் கண்ணும் பக்கத்துப் படுக்கைக்குத் திரும்பிவிடும். வலி டோனருக்கும் உண்டு, சில நாட்களுக்குப் பெறுபவரைவிட அதிகமாகவே. பெறுபவருக்கோ வேலை செய்கிற கிட்னி கிடைத்ததும் உடம்பில் ஒரு தெம்பு வரும். நன்றாக இருந்த உடம்போடு உள்ளே போன டோனர் சோர்வோடு வெளியே வருகிறார். ஏழு மாதமாக அவரிடம் யாராவது "தையல் போட்ட இடம் இன்னும் வலிக்குதாம்மா?" என்று கேட்டீர்களா? "என் கிட்னி" என்று அவர் சொல்வது, என்னையும் கொஞ்சம் பாருங்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரே விதம் என்று நினைக்கிறேன். நான் அவரைப் பார்த்ததில்லை, தவறாகவும் இருக்கலாம்.

அவருக்குத் தனி ஃபைல் போடுங்கள், தனி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். கொடுத்த பிறகு மிச்சமிருக்கும் ஒரு கிட்னி, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ 65 முதல் 70 சதவீதம் வரை தானே செய்யும்படி வளர்ந்துகொள்ளும். சரியாகப் பரிசோதித்து எடுத்த டோனர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷர், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகள் அவருக்கும் ஆகாது, உங்கள் கணவருக்கும் ஆகாது. அந்த அப்பாயின்ட்மென்டுக்கு முடிந்தால் உங்கள் கணவரே அவரைக் கூட்டிப் போகட்டும். நோயாளி என்ற இடத்திலிருந்து இறங்கி மகன் என்ற இடத்துக்கு வர அவருக்கு அது ஒரு வாய்ப்பு.

உங்கள் கணவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், கிட்னி என்பது மொய் நோட்டில் எழுதிவைத்து அடுத்த விசேஷத்தில் திருப்பிச் செய்துவிடக்கூடிய கணக்கு இல்லை. எதைச் செய்தாலும் ஈடாகாது என்பது அவருக்குத் தெரியும். திருப்ப முடியாத ஒன்றைத் தினமும் நினைவுபடுத்தினால் மனிதனுக்கு நன்றி வற்றிக் கோபம்தான் ஊறும். அதிலும் அவர் முதலில், மூளைச்சாவடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போரின் அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருந்தார், அத்தைதான் பொறுக்க முடியாமல் தானே கொடுக்கிறேன் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். "இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்திருக்கலாம், அம்மாவை அறுக்க விட்டிருக்க வேண்டாம்" என்று அவர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பட்டியலில் கிடைத்திருந்தாலும் மனம் லேசாகியிருக்கும் என்று நினைக்காதீர்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இது வீடு வீடாகப் பேசப்பட்டது. இன்று அப்படிக் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த அறிவிப்பு அது. பொதுவாக, கொடுத்தவர் யார் என்று பெற்றவருக்குச் சொல்ல மாட்டார்கள். பட்டியலில் இருப்பவர்களில் பலர், "எனக்குப் போன் வரணும்னா எங்கேயோ ஒரு வீட்டுல சாவு விழணும்" என்று எங்களிடம் கண் கலங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, அந்தச் சாவு நீங்கள் காத்திருந்ததால் வந்ததில்லை, நீங்கள் பட்டியலில் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்பதுதான். சிலருக்கு இது ஆறுதல், சிலருக்கு இல்லை.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டுப் பாருங்கள். சண்டையில் கிட்னியை யாரும் இழுக்கக் கூடாது, அத்தையும் சரி, கணவரும் சரி, நீங்களும் சரி. இதை நீங்கள் மருமகளாக இருந்து சொன்னால் எடுபடாது, வேறு சண்டையாகிவிடும். கோ-ஆர்டினேட்டர் முன்னிலையில், அல்லது அத்தை மதிக்கிற ஒரு பெரியவர் முன்னிலையில் பேசுங்கள். இது சில வீடுகளில் நன்றாக வேலை செய்தது, சில வீடுகளில் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நிற்காத வீடுகளில் அம்மாவுக்கும் மகனுக்கும் கிட்னிக்கு முன்பே தீராத பகை இருந்தது. உறுப்பு கொடுத்ததால் பழைய பகை தீர்ந்ததாக நான் பார்த்ததில்லை.

உங்களைப் போல ஆபரேஷன் முடிந்தவர்களோடு, முடியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ வெளியிட்ட விவரத்தின்படி, 1995 முதல் 2021 வரை இந்தியாவில் மாற்று உறுப்பு பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஆண்கள். உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மனைவியும் அம்மாவும்தான். அவர்கள் எல்லோரும் வற்புறுத்தப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், பலர் மனதாரத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வீட்டில் இடமே இல்லாதபோது அவர் சொல்லும் "சரி"க்கு எவ்வளவு மதிப்பு? அதனால்தான் டோனரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்போம். கடைசி நிமிடத்தில்கூட டோனர் பின்வாங்கலாம். அப்படிப் பின்வாங்கினால் "மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இந்த வாசல் இருக்கிறது என்பதை டோனர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சமையல் தனி, கொதித்து ஆறிய தண்ணீர் தனி, வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தும் பொல்லாப்பு, குழந்தைகளின் பள்ளி, அடகுக் கடை ரசீது எல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கும். தொற்று பயம் முதல் மாதங்களில் மிக அதிகம், அப்போது போட்ட கட்டுப்பாடுகளில் பலவற்றை ஏழாம் மாதத்தில் தளர்த்தலாம். எதைத் தளர்த்தலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது உறவினர்களின் வாயை அடைக்கவும் உதவும். நெரிசலில் மாஸ்க், காய்ச்சல் இருமல் உள்ளவரிடம் விலகல், தோட்ட மண்ணிலும் கட்டட இடிபாட்டுத் தூசியிலும் எச்சரிக்கை, இவை தொடரும். ஆனால் ஒரு ஆளை ஏழு மாதம் அறையில் வைத்துக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்திவிட்டு, ஏன் வெளியே வர மாட்டேன் என்கிறார் என்று கேட்க முடியாது. டாக்டர் சம்மதித்தால் அவர் வேலைக்குத் திரும்பட்டும், பாதி நேரமாவது. நான் பார்த்த வரையில், எந்த ஆலோசனையும் செய்யாததை மாதச் சம்பளம் செய்திருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, மாத்திரைப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போங்கள். எங்கே என்று கணக்குக் காட்ட வேண்டாம்.

சரி, கோச். நம் நாட்டில் 'டிரான்ஸ்பிளான்ட் கோச்' என்று பலகை மாட்டிக்கொள்ள எந்தப் படிப்போ உரிமமோ தேவையில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்கும், எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு. கோ-ஆர்டினேட்டர் என்பது மருத்துவமனையின் சலுகை இல்லை: 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-ல் திருத்தப்பட்டபோது, ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத மருத்துவமனைக்குப் பதிவே கிடையாது என்று ஆக்கப்பட்டது. உங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் அவர் எண் இருக்கும். எல்லாக் கோ-ஆர்டினேட்டருக்கும் பொறுமையாகப் பேச நேரம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஒருவர் தலையில் ஏகப்பட்ட நோயாளிகள். ஆனாலும் முதல் போன் அவருக்குத்தான் போக வேண்டும். 1997-லிருந்து சென்னையில் இயங்கும் மோகன் ஃபவுண்டேஷன் இந்தத் துறைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கிற அமைப்பு, அங்கும் வழி கேட்கலாம்.

கோச் என்று வருகிற எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். சிலர் தாங்களே உறுப்பு மாற்றிக்கொண்டு பல வருடம் நன்றாக இருப்பவர்கள். "எனக்கும் கை நடுங்குச்சு, அப்புறம் குறைஞ்சுது" என்று அப்படி ஒருவர் சொல்வதில் இருக்கிற பலம் என் பட்டப்படிப்பில் இல்லை. விளக்கிச் சொல்லி, பழக்கத்தைப் பார்த்து, தொடர்ந்து விசாரித்தால் மாத்திரை ஒழுங்கு கூடுகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. அதனால் உறுப்பு எத்தனை வருடம் கூடுதலாக உழைக்கும் என்பதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. இதே பலம் செக்கப் வரிசையில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் இலவசமாகவும் கிடைக்கிறது. ஒரே எச்சரிக்கை, அவருடைய அளவு உங்கள் கணவருக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப் குழுக்களில் இதுதான் நடக்கிறது: ஒருவர் தன் டோஸைப் போடுவார், இன்னொருவர் அதைப் பார்த்துத் தன்னுடையதைக் குறைப்பார், மூன்றாமவர் 'எதிர்ப்புச் சக்தி கூட' சீந்தில் கஷாயம் அனுப்புவார். எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் அந்தக் கிட்னியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. கிரேப் ஃப்ரூட்டும் அதன் உறவான பம்பளிமாஸும் டாக்ரோ லெவலை ஏற்றிவிடும். வேறு டாக்டர் எழுதும் சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, காசநோய் மருந்துகளும் லெவலை ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

அந்தக் கோச்சிடம் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எங்கள் டாக்டரோடு பேசிக்கொண்டு வேலை செய்வீர்களா? அவர் மரணத்தைப் பற்றிப் பேசினால் என்ன செய்வீர்கள்? அத்தையோடும் என்னோடும் தனித்தனியாகப் பேசுவீர்களா? முதலாவதற்கு "தேவையில்லை" என்றாலோ, இரண்டாவதற்கு "பாசிட்டிவா பேசிச் சரி பண்ணிடுவேன்" என்றாலோ விலகிவிடுங்கள். ரிஜெக்ஷன் வராது என்று உறுதி தருபவர், பொடியோ டானிக்கோ விற்பவர், மாத்திரையைக் குறைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் வேண்டாம். பேச்சுவாக்கில் "டோனர் ஏற்பாடு பண்ணலாம்" என்று யாராவது வாயைத் திறந்தால் அது குற்றம்; உறுப்பு வியாபாரத்துக்கு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 5 முதல் 10 ஆண்டு சிறையும், 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு, வாங்குகிறவரும் மாட்டுவார்.

எனவே என் யோசனை: கோச்சை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நாளைக் காலை கோ-ஆர்டினேட்டருக்குப் போன் செய்து, தூக்கமின்மை, கோபம், விட்டுப்போன மாத்திரை மூன்றையும், கை நடுக்கம் இருந்தால் அதையும் சொல்லி, டாக்ரோ லெவலும் கிரியாட்டினினும் சர்க்கரையும் பார்க்க இந்த வாரமே தேதி வாங்குங்கள். மாத்திரை விட்டதை நீங்கள் சொல்லப்போவதாகக் கணவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகக் கூடாது. அதே நாளில் அத்தைக்கும் டோனர் செக்கப் கேளுங்கள். அங்கேயே மனநல ஆலோசனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கும். இதற்கிடையில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, கிட்னி வைத்த இடத்தில் வலித்தாலோ, வாந்தியில் மாத்திரை தங்காவிட்டாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். இரண்டு மாதம் இப்படிப் பார்த்த பிறகும் அவருக்குப் பேச ஒரு வெளி ஆள் வேண்டும் என்று அவரே சொன்னால், அந்தக் கோச்சைப் பற்றி அப்போது எழுதுங்கள், பார்க்கலாம்.